ஒன்பதாம் வகுப்போடு கீழடி அருங்காட்சியகம்: ஒரு சமூக அறிவியல் டீச்சரின் மதிப்புரை

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று சக ஆசிரியர்கள் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது, அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களை வைத்திருக்கிற கீழடி அருங்காட்சியகம். அதிலும் ஒன்பதாம் வகுப்பு என்றால் கட்டாயம் அங்கேதான். மூன்றாம் பாடம் தொடக்க காலத் தமிழ்ச் சமூகம். அதைப் புத்தகத்தை வைத்தும் நடத்திவிடலாம், தேர்விலும் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். ஆனால் "இது எப்படி டீச்சர் தெரியும்?" என்று ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்படிக் கேட்க வைக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்ததில் முதலிடம் இதற்குத்தான். அதனால் சுற்றுலாப் பயணியாக இல்லாமல் வகுப்பு எடுப்பவளாகவே இந்த இடத்தை மதிப்பிடுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் நெசவுக் குடும்பம், மீதிப் பேர் விவசாயம், கட்டட வேலை. வேன் பிடித்தால் கீழடிக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். மதுரையிலிருந்து இராமேசுவரம் போகிற நெடுஞ்சாலையில் சிலைமானைத் தாண்டியதும் ஊர் வந்துவிடும். மதுரையை ஒட்டியிருந்தாலும் சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் வட்டம்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். 2 ஏக்கர் இடம், 31,000 சதுர அடி, செலவு 18.43 கோடி ரூபாய். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தூணும் முற்றமும் ஓடுமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கூடம் என்பதால் ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, முற்றத்தில் காற்று வாங்கி, அடுத்ததற்குப் போகலாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று போனவருக்குத்தான் தெரியும். ஒரே நீளக் கூடமாக இருந்தால் முன்னால் போகிறவர்கள் வாசலுக்குப் போயிருப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் முதல் பெட்டியிலேயே நிற்பார்கள்.

வரலாறு எடுப்பதில் உள்ள சிக்கலைச் சொன்னால்தான் இந்த இடம் எதைத் தீர்க்கிறது என்பது புரியும். புத்தகத்தில் "மக்கள் நெசவுத் தொழில் செய்தனர்" என்று ஒரு வரி இருக்கும். பிள்ளை அதை அடிக்கோடிடும். ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும், எழுதும், மறந்துபோகும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேர் மண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள், எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது வகுப்பறைக்குள் வருவதே இல்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் பெரிய தொகை கொடுத்து டிஜிட்டல் பாடத் தொகுப்பு ஒன்றை வாங்கினார்கள். திரையில் பானை சுற்றும், பின்னணியில் இசை வரும், ஒரு குரல் ஆங்கில வாடையோடு தமிழில் படிக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு கேள்விகூட வரவில்லை. எல்லாம் முடிவாகவே வந்து சேர்ந்தால் பிள்ளைக்குக் கேட்க என்ன இருக்கிறது? கீழடியில் நிலைமை தலைகீழ். பெட்டிக்குள் கிடப்பது உடைந்த பானை ஓடு. அதிலிருந்து முடிவுக்கு நாம்தான் நடந்து போக வேண்டும்.

அப்படி நடக்க வைக்கிறதில் பானைக் கூடத்துக்கு இணை இல்லை. அரை நாள் இருந்தால் அதில் பாதியை இங்கேயே செலவழிக்கச் சொல்வேன். கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள்: உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. "ரெண்டு பெயின்ட் அடிச்சிருக்காங்க டீச்சர்" என்றான் ஒரு பையன். பெயின்ட் இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையில் சுட்டால் உள்பக்கம் காற்றுப் படாமல் கறுத்துவிடும், வெளியே காற்றுப் பட்டு களிமண்ணில் உள்ள இரும்பு சிவந்துவிடும். இதைச் சொன்னதும் அறிவியல் பாடத்தில் படித்த ஆக்சிஜனேற்றம் ஒருத்திக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அடுத்து எழுத்துப் பொறித்த ஓடுகள். 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. குறியீடு கீறிய ஓடுகள் அதைவிட மிக அதிகம். ஓட்டில் இருப்பது பெரும்பாலும் ஆள் பெயர்: ஆதன், குவிரன் ஆதன். போவதற்கு முந்தின வாரமே தமிழி எழுத்து அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, அவரவர் பெயரை எழுதிப் பழகச் சொல்லிவிடுவேன். க எழுத்து கூட்டல் குறி மாதிரி இருப்பதால் கார்த்திகாக்களுக்கும் கண்ணன்களுக்கும் ஒரே குஷி. பழகிவிட்டுப் போனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற விதமே வேறு. விளக்க அட்டையைப் பார்க்க மாட்டார்கள், ஓட்டைத்தான் பார்ப்பார்கள். "ஆ… த… ன்" என்று ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தபோது பக்கத்தில் நின்ற வேறு ஊர்ப் பெரியவர் ஒருவர், "பாப்பா, எனக்கும் காட்டும்மா" என்று கேட்டார். அவள் அவருக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

இங்கேதான் முதல் கேள்வியைப் போடுவேன். இதை எழுதியது யார்? குயவரா, பானை வாங்கியவரா? பிள்ளைகள் பிரிந்து நின்று வாதாடுவார்கள். கோட்டின் ஓரத்தைப் பாருங்கள் என்பேன். ஈர மண்ணில் கீறினால் ஓரம் வழுவழுவென்று எழும்பி நிற்கும். சுட்டபின் கீறினால் கோடு மெலிதாக, உதிர்ந்த மாதிரி இருக்கும். பல ஓடுகளில் கீறல் சுட்டபின் விழுந்தது. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. அப்படியானால் பானையை வைத்திருந்தவர்களே தங்கள் பெயரைக் கீறியிருக்க வாய்ப்பு அதிகம். எழுத்து அரண்மனையில் மட்டும் இல்லாமல் வீட்டு அடுப்பங்கரை வரை வந்திருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். புத்தகத்தில் "எழுத்தறிவு பெற்ற சமூகம்" என்று ஒரே சொற்றொடராக இருப்பது இப்படி ஒரு கோட்டின் ஓரத்திலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் எதைப் படித்தாலும் சான்று எங்கே என்று தேடும்.

குறியீடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிந்து சமவெளிக் குறிகளோடு இவற்றை ஒப்பிட்டு ஆய்வுகள் நடக்கின்றன. பிள்ளைகள் யூடியூபில் ஏதாவது பார்த்துவிட்டு வந்து "சிந்துவெளி எழுத்தும் இதும் ஒண்ணுதானே டீச்சர்" என்பார்கள். சிந்து எழுத்தை இன்றுவரை உலகம் ஒப்புக்கொள்ளும்படி யாரும் படிக்கவில்லை. படித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்ததைச் சொல்வேன். உருவம் ஒத்துப்போவதும் ஒலி ஒத்துப்போவதும் வேறு வேறு என்பதையும் சொல்வேன். பரிசுத் தொகையைக் கேட்டதும் கடைசி வரிசைகூட நோட்டைத் திறந்துவிடுகிறது.

அடுத்தது காலம். கீழடி என்றாலே கி.மு. 580 என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரியவர்களும் திணறுகிறார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு மாதிரிகள் ஆறினை, வயதைக் கண்டறிய, அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு மாநிலத் தொல்லியல் துறை அனுப்பியது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205. இந்த முடிவுகள் 2019 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கையில் இருக்கின்றன.

இந்த நான்கு எண்களையும் கையில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். மண்ணடுக்கு பற்றிய விளக்கத்துக்கு முன்னால் நின்று கணக்குப் போட வேண்டும். ஆழ வித்தியாசம் 153 செ.மீ. ஆண்டு வித்தியாசம் 375. வகுத்தால் ஒரு செ.மீ. மண் சேர ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. அவரவர் சாணை விரித்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளின் சாண் 18, 20 செ.மீ. வரும். அதாவது ஒரு சாண் மண் என்றால் நாற்பத்தைந்து, ஐம்பது வருஷம். "அப்ப எங்க தாத்தா வயசுக்கு ஒண்ணரைச் சாண்தான் டீச்சர்" என்று ஒருத்தி சொன்னதைக் கூட வந்திருந்த கணக்கு சார் இன்னமும் மற்ற வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எண் பெரிதாக இருந்தால் பிள்ளைக்கு அது எட்டாது. சாணாக மாற்றிக் கொடுத்தால் எட்டிவிடுகிறது.

கணக்கோடு விட்டுவிடக் கூடாது. மண் எப்போதும் ஒரே வேகத்தில் சேருமா? வைகை வெள்ளம் வந்தால் ஒரே நாளில் ஒரு சாண் ஏறும். யாராவது குழி வெட்டினால் மேல் மண் கீழே போகும். அதனால் நம் இரண்டரை ஆண்டுக் கணக்கு தோராயம்தான். இன்னொன்று, ஆய்வகம் வயது சொன்னது கரிக்கு. எழுத்துள்ள ஓட்டுக்கு இல்லை. ஓடும் கரியும் ஒரே அடுக்கில் கிடந்தால் இரண்டும் ஒரே காலம் என்று நாம் முடிவு செய்கிறோம். அந்த அடுக்கு கலையாமல் இருந்ததா என்பதுதான் அகழாய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது புரியுமா என்று கேட்பார்கள். நன்றாகப் புரிகிறது. பெரியவர்களைவிட வேகமாகவே புரிகிறது.

நெசவுக் கூடம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. நூல் நூற்கிற தக்களிக்கு மாட்டிய சுடுமண் வட்டுகள், எலும்பில் செய்த கூர்முனைகள், நூலில் கட்டித் தொங்கவிட்ட கற்கள், செம்பு ஊசி என்று தனித்தனியாகக் கிடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் இங்கே நெசவு நடந்தது என்று தொல்லியல் துறை சொல்கிறது. நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு பையன், "எங்க வீட்டுத் தறியிலயும் இழைய இழுத்துப் பிடிக்க வெயிட்டு தொங்கும் டீச்சர்" என்றான். வகுப்பில் வாய் திறக்காத பையன் அவன். பாவு, ஊடை, தார் சுற்றுவது என்று அவனே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தான். நான் தள்ளி நின்று கேட்டேன். அவன் கையாலும் கண்ணாலும் தெரிந்து வைத்திருக்கிற தொழில் ஒரு சான்றைப் படிக்க உதவுகிறது என்று அவனுக்கும் தெரிந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்தது. எந்த ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போனாலும் இங்கே இப்படி ஒரு பெட்டி இருக்கும். விவசாயப் பிள்ளைகளுக்கு உறைகிணறு, கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செங்கலும் ஓடும். கூரை ஓட்டில் தண்ணீர் வழிய விரலால் இழுத்த பள்ளங்களைக் காட்டுங்கள். கூரைக்கு ஓடு வேய்ந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

எலும்புத் துண்டுகள் முன்னால் பிள்ளைகள் சாதாரணமாக நிற்க மாட்டார்கள். அங்கே நிறுத்த ஒரு வேலை கொடுக்க வேண்டும். புனே டெக்கான் கல்லூரியில் 70 துண்டுகளை ஆராய்ந்து காளை, பசு, எருமை, ஆடு, மான், காட்டுப்பன்றி, மயில் என்று இனம் கண்டார்கள். பாதிக்கு மேல் மாடும் எருமையும் ஆடும். சில விலங்குகளின் எலும்பில் வெட்டுத்தடம் இருக்கிறது. எது உழவுக்கு, எது உணவுக்கு என்று பிள்ளைகளையே பட்டியல் போடச் சொன்னேன். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு என்பதால் எல்லோரும் கலந்துகொண்டார்கள். யார் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பதில் பிள்ளைகளுக்கு வெட்கம் வருகிற வயது இது. இரண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தைய அடுப்பைப் பற்றிப் பேசும்போது அந்த வெட்கம் இல்லாமல் பேசினார்கள்.

தங்கம், மணிகள், கடல் வணிகம் எல்லாம் அழகான கூடங்கள். மணி செய்கிற சிவப்புச் சூதுபவளக் கல் குஜராத், மகாராட்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொல்லி வரைபடத்தில் கோடு போட வைத்தால் போதும். யானைத் தந்தப் பகடைக்கும் சுடுமண் சில்லுகளுக்கும் நேரம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். நொண்டி ஆடிய பிள்ளைக்கு அந்தச் சில்லைக் காட்டி எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஒளி-ஒலிக் காட்சியும் அசைபடத் திரைகளும் பிள்ளைகளை இழுக்கும். இழுப்பது இயல்புதான். அவற்றைக் கடைசியில் பார்க்கச் சொல்வது என் வழக்கம். முதலிலேயே பார்த்துவிட்டால் குயவர் எப்படி இருந்தார், துறைமுகம் எப்படி இருந்தது என்று முடிந்த படம் மனசில் ஏறிவிடும். ஓட்டைப் பார்த்து அவர்களாக ஒரு படத்தைக் கட்டிவிட்டுத் திரைக்குப் போனால், "டீச்சர், அந்த வீட்டுக்குக் கதவு காட்டுறாங்களே, கதவு கிடைச்சுதா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் வேன் பிடிக்கிறேன்.

பக்கத்துக் கொந்தகை கீழடி மக்களின் இடுகாடு. அங்கே கிடைத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், அது யாரோ அழுது புதைத்த ஆள். கொந்தகை மண்டையோடுகள் இரண்டை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். எலும்பிலிருந்து முகத்தின் அமைப்பு வரும், தோல் நிறமும் முடியும் வேறு அறிவிலிருந்து சேர்த்தது. ஒரு படத்தில் எவ்வளவு சான்று, எவ்வளவு அனுமானம் என்று கோடு போட்டுப் பிரிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

கோயில் என்று சொல்லும்படியான கட்டடம் எதுவும் இங்கே வெளிப்படவில்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். வீட்டில் கேட்ட பேச்சு அப்படியே வரும். நான் ஒரு தகவலை மட்டும் சொல்வேன்: அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் ஏறத்தாழ 110 ஏக்கர், தோண்டியது அதில் சிறு பகுதி. கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? விவாதம் அரை மணி நேரம் ஓடும். ஓடட்டும்.

சர்ச்சையைத் தவிர்க்க நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. நான் தவிர்ப்பதில்லை. 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறைக்காக இங்கே அகழாய்வைத் தொடங்கியவர் அமர்நாத் இராமகிருஷ்ணா. அதற்கு முன் வைகைக் கரையோரம் கள ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டறிந்து பட்டியல் போட்ட குழு அவருடையது. அவர் 2023-இல் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025-இல் துறை கேட்டது. காலக் கணிப்பு சான்றுகளின்படியே இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். எந்தத் துறையை யார் நடத்துகிறார்கள் என்ற அரசியலுக்குள் வகுப்பில் போவதில்லை. அறிஞர்கள் சண்டை போடுவது எதன் மேல் என்று மட்டும் கேட்கிறேன். ஆழம், அடுக்கு, கரித்துண்டு. சாணால் மண்ணை அளந்த பிள்ளைக்கு அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியும். செய்தித்தாளைத் தானாக எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் சிலர் எங்கள் வகுப்பில் உருவானது இதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று. அமர்நாத் குழு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, 1970-களில், கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட பழம்பொருட்களைச் சேர்த்து வைத்துத் தொல்லியல் துறைக்குச் சொன்னவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். வரலாறு எடுத்தவர். இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். சொல்லிவிட்டு வந்த அடுத்த வாரம் கம்மாய்க்கரையில் கிடைத்த ஓடு, தோட்டத்தில் கிடைத்த செங்கல் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் போன தலைமுறையின் பானைதான். ஆனாலும் எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழம் என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம். இடத்தைக் குறிக்காத பொருளுக்கு வரலாறு இல்லை என்பது இப்போது அவர்களுக்கே தெரியும். தோண்டிப் பார்க்கக் கூடாது, பழம்பொருள் என்று தோன்றினால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள்.

அருங்காட்சியகத்திடம் எனக்கு இன்னும் சில ஆசைகள் உண்டு. வகுப்பு வாரியாகத் தமிழில் ஒரு வேலைத்தாள் அச்சிட்டுக் கொடுத்தால் தயாரிப்பு இல்லாமல் வருகிற பள்ளிகளும் பயன்படுத்திக்கொள்ளும். மாதிரிப் பானை ஓடுகளைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஒரு மேசை, மணலுக்குள் ஓடு புதைத்து வைத்து அடுக்கு அடுக்காகச் சுரண்டிப் பார்க்க ஒரு பயிற்சிக் குழி. இவை இருந்தால் உலகத்தில் எந்த அருங்காட்சியகத்துக்கும் இது குறைந்ததில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

அதுவரைக்கும் வேலைத்தாளை நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பொருள். மூன்று வரி எழுத வேண்டும்: நான் பார்த்தது என்ன, அதிலிருந்து நான் நினைப்பது என்ன, இதை வைத்து என்னால் சொல்ல முடியாதது என்ன. மூன்றாவது வரிதான் முக்கியம். தக்களி வட்டை எடுத்துக்கொண்ட பெண் ஒருத்தி, "நூற்றது பெண்ணா ஆணா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தாள். பகடையை எடுத்த பையன், "பந்தயம் கட்டினார்களா, சும்மா ஆடினார்களா தெரியாது" என்று எழுதினான். இந்த விடைகளை வாசிக்கும்போது கிடைக்கிற நிறைவு நூறு சதவீதத் தேர்ச்சியில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், விடுமுறை நாட்களையும் விசேஷ நாட்களையும் தவிருங்கள். பிள்ளைகளுக்கான கட்டணம் சிறு தொகைதான், வேன் வாடகைதான் செலவு. அதற்கு முன்னாள் மாணவர்களைக் கேட்டால் கொடுக்கிறார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதமும் மேலிட அனுமதியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொரு குழுவும் வேறு வேறு கூடத்தில் ஆரம்பிக்கட்டும். எல்லா இடத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓட்டாதீர்கள், பானைக் கூடமும் மண்ணடுக்கும் உங்கள் ஊர்த் தொழில் எந்தக் கூடத்தில் இருக்கிறதோ அதுவும் போதும். சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள், தண்ணீர் நிறைய வேண்டும், வெயில் சாதாரணமாக இருக்காது. மூன்றாம் பாடத்தை நடத்துவதற்கு முன்பே கூட்டிப் போய்விட்டு, அப்புறம் பாடத்தைத் திறங்கள். அந்த ஒரு வரி "மக்கள் நெசவுத் தொழில் செய்தனர்" வரும்போது வகுப்பே பேச ஆரம்பித்துவிடும், நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடலாம்.